ஜெபமாலைக்கு மாடி வீட்டுப் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது? (தப்பு எங்கள் பக்கம்தான்)

டைலர் அக்கா எழுதியது:

மரியே வாழ்க. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பங்கு. ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு வருஷமாக எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு, நான்தான் பொறுப்பு. வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் கிடைத்த பதவி.

எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் ஏழு பெண்பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஜார்க்கண்டில் சிம்டேகா, குமலா பக்கம் ஐந்து பேர், ஒடிசாவில் சுந்தர்கட் பக்கம் இரண்டு பேர். சிப்காட்டில் கம்பெனி வேலை. எல்லாரும் நம்மைப் போலவே வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். ஞாயிறு ஆறு மணிப் பூசைக்குத் தவறாமல் வருவார்கள். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்து, கண் சொருகச் சொருக நின்று பூசை கண்டுவிட்டுப் போய்ப் படுப்பார்கள். என் வீட்டில் இரண்டு பேரை எழுப்பிக் கூட்டிவர நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

போன டிசம்பரில் அன்பியக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு இவர்களைக் கூப்பிட்டேன். ஏழு பேரில் ஒருத்திக்குக் கொஞ்சம் தமிழ் வரும், கடைக்கு ஜாக்கெட் கொடுக்க வருகிறவள். அவளிடம் சொன்னதும் எல்லாரும் வந்தார்கள், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில். "நம்ம விருந்தாளிங்க ஒரு சிறப்புப் பாட்டு பாடுவாங்க" என்று மைக்கில் சொன்னது நான்தான். கைகோத்து ஒரே வரிசையாக நின்று, இரண்டடி முன்னே ஓரடி பின்னே வைத்து, மெதுவாக ஆடிக்கொண்டே பாடினார்கள். திரும்பிப் பார்த்தால் ஒருத்தர் விடாமல் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். முடிந்ததும் கைதட்டல். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தல். எங்கள் வீட்டுப் பிள்ளை பாடினால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், ஜெபத்தில் அது ஒரு பாகம் என்று தெரியும். இவர்கள் பாடியதும் காணிக்கைப் பாட்டுதானாம். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தப் பெண் சொன்னாள்.

அப்புறம் சாப்பாடு. நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிடுமே என்று நல்ல எண்ணத்தில் ஏழு பிரியாணி பார்சல் கட்டி முதலிலேயே கொடுத்துவிட்டோம். அன்றைக்கு அவர்களுக்கு ஷிப்டே இல்லை. யாரும் கேட்கவில்லை. அவர்கள் பார்சலோடு வெளியே போகும்போது இங்கே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். அந்தத் தமிழ் தெரிந்த பெண் ஒரு தடவை திரும்பி இலையைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அன்பியத்துக்கு வருவதில்லை. பூசைக்கு வருகிறார்கள், ஆனால் உள்ளே வராமல், வெளியே மாதா கெபி (குகை போன்ற மாடம்) பக்கம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அக்டோபர் வருகிறது. ஜெபமாலை மாதம், தினம் ஒரு வீடு. கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்த மொழியில் சொல்வது? அன்பியத்தில் ஒரு அம்மா, "டவுன்ல இங்கிலீஷ் பூசை இருக்கு, அங்க போகட்டுமே" என்கிறார். இன்னொரு அண்ணன், "தமிழ் ஜெபத்துல இந்தி எதுக்கு? இன்னைக்கு விட்டா நாளைக்கு மொத்தமும் இந்தியாயிடும்" என்கிறார். என் மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அதுங்களுக்கு மந்திரம் தெரியுமா?"

வேற்று மொழிக்காரர்களோடு சேர்ந்து ஜெபம் செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், அதற்குச் சாமியார் இருக்கிறார்.

முதுநகர் வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் அந்த அண்ணனுடைய இந்திப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நானும் 1965-ல் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர்வலம் போனவன்தான், அதனால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அந்தப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்தி தாய்மொழியே கிடையாது. வீட்டில் குடுக், முண்டாரி, கடியா என்று அவரவர் மொழி. சந்தைக்கும் பொதுப் பேச்சுக்கும் சாத்ரி. இந்தி பள்ளிக்கூடத்தில் வருவது, நமக்கு இங்கிலீஷ் வந்த மாதிரி. இதில் உராவ்ன் மக்கள் பேசும் குடுக் இருக்கிறதே, அது திராவிட மொழி. "நான்" என்பதற்கு அவர்கள் "ஏன்" என்பார்கள். நீ என்பது "நீன்". நாம் என்பது "நாம்"தான். பல்லுக்குப் "பல்", கண்ணுக்குக் கிட்டத்தட்டக் "கன்", முதல் எழுத்தைத் தொண்டையில் கொஞ்சம் காறிச் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் யாரை இந்திக்காரி என்கிறாரோ அவள் நமக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் முண்டாரியும் கடியாவும் வேறு குடும்பம், அதில் இந்த உறவு கிடையாது. ஏழு பேரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள். யார் என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள். பத்து மாதத்தில் யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்சல் விஷயத்தைப் படித்ததும் எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது. புதுச்சேரி சம்பா கோவில் இருக்கிறதல்லவா, ஜென்மராக்கினி மாதா கோவில். இப்போதுள்ள கட்டடம் இல்லை, அதற்கு முன் அங்கே இருந்தது. அதற்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். 1745-ல், காரைக்காலில் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கே இருந்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று. சுவரை இடித்தார்கள். உடனே மறுபக்கத்தில் இருந்தவர்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். இதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவரும் இல்லை. வெளியே நின்று பார்த்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டது.

நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அங்கே மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்தார். பக்கத்தில் விருத்தாசலம் சிவன் கோவில் அம்மனுக்கும் அதே பெயர். மாதா புடவையில் நிற்கிறாள். அந்த மனிதர் வந்தவுடன் மைக் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்து நம் மொழியைக் கற்றார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு மாடி ஏறினால் போதும்.

லத்தீன் காலத்து ஆள் எழுதியது:

நான் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன். எல்லாம் லத்தீன். யாருக்கும் புரியாது, அதனால் யாருக்கும் சண்டையில்லை. ரோமாபுரிக்குப் போனாலும் ராஞ்சிக்குப் போனாலும் ஒரே பூசை. 1963-ல் ரோமாபுரியில் நடந்த வத்திக்கான் சங்கத்தில் தாய்மொழிக்கு அனுமதி கொடுத்தார்கள், சரி. 1969-ல் இந்தியாவுக்கென்று ஆரத்தி, குத்துவிளக்கு, அஞ்சலி என்று பன்னிரண்டு மாற்றம் வந்தது, அதுவும் சரி. இப்போது தெருவுக்கு ஒரு மொழிப் பூசை கேட்கிறார்கள். பழையபடி லத்தீனில் ஜெபமாலை சொல்லுங்கள், ஏழு பேரும் உங்கள் தெருவும் ஒரே நிலைமையில் இருப்பீர்கள்.

முதுநகர் வாத்தியார் எழுதியது:

ஐயா, நான் சொன்ன சுவர் லத்தீன் காலத்துச் சுவர்தான்.

சொல்தா வீட்டுப் பேரன் எழுதியது:

அக்கா, நான் புதுச்சேரிதான், வளர்ந்தது முதலியார்பேட்டை. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், அதனால் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பதினாறு வருஷமாகப் பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். உங்கள் மாடி வீட்டுப் பிள்ளைகள் இடத்தில் நின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எங்கள் பங்கில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா நாட்டுக்காரர்களும் அவரவர் உடையில் வந்து, அவரவர் ஊர்ப் பலகாரம் கொண்டுவர வேண்டும். முதல் வருஷமே என்னிடம் சமோசா கேட்டார்கள். அக்கா, எங்கள் வீட்டில் யாருக்கும் சமோசா சுடத் தெரியாது. கடையில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் வருஷமும் சமோசா. மூன்றாம் வருஷம் என் மனைவி பிடிவாதமாகக் கொழுக்கட்டை செய்தாள், ஒரு பாட்டி வந்து "சமோசா எங்கே?" என்று கேட்டார். எல்லாரும் நல்லவர்கள். ஒருத்தரும் தப்பாக நடக்கவில்லை. ஆனால் நாங்கள் விருந்தாளிகளாகவே இருந்தோம். விருந்தாளிக்கு எழுந்துபோகிற நேரம் என்று ஒன்று உண்டு இல்லையா, அது மனதில் இருந்துகொண்டே இருக்கும்.

மாறியது ஒரு ஜனவரியில். பூசைக்குச் சீக்கிரம் போய்விட்டேன். படிக்கட்டெல்லாம் உறைபனி. கோவில் காரியம் பார்க்கிற பெரியவர் ஒரு உப்பு மூட்டையையும் தகரக் கரண்டியையும் என் கையில் திணித்து, "சீக்கிரம், கிழவிகள் வழுக்கி விழப் போகிறார்கள்" என்று அதட்டினார். தயவு செய்து என்றுகூடச் சொல்லவில்லை. உப்பு போட்டேன். அடுத்த வாரமும் நானே எடுத்துப் போட்டேன். இப்போது அந்த மூட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று பங்கில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தன் நான். அதனால் என் யோசனை: அவர்களைப் பாடச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். பாய் விரிக்கட்டும், மெழுகுவர்த்தி ஏற்றட்டும், அடுத்த வீட்டுக்கு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

மொழிக்கு வழி ஜெபமாலையிலேயே இருக்கிறது. லூர்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி நடக்கும். ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு மொழி என்று மாறி மாறி முன்னே ஒருவர் சொல்வார். பாதி மந்திரம் அவர் மொழியில் வரும், மீதிப் பாதியைக் கூட்டம் அவரவர் மொழியில் முடிக்கும். எனக்குப் பக்கத்தில் நின்ற போலந்துக்கார அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எங்கே மூச்சு விட்டார் என்று தெரிந்தது. என் மூச்சும் அங்கேதான். அந்த லூர்து மாதாவேதானே 1877-ல் கப்பலேறி வில்லியனூருக்கு வந்தது? நம் கிழவிகள் யாராவது அவளிடம் பிரெஞ்சில் பேசினார்களா?

நைட் டூட்டி எழுதியது:

நான் லுத்தரன், எங்களுக்கு ஜெபமாலை கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நர்சிங் படித்தபோது இரண்டு மிசோ பெண்கள் என் ரூம்.

முதல் நாள் ராத்திரி ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தோம். நம் வழக்கம் ஒருத்தர் ஜெபிப்பார், மற்றவர்கள் கேட்டு ஆமென் சொல்வோம். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். நான் பயந்துபோனேன், வார்டன் வந்து கதவைத் தட்டிவிட்டார். அவர்கள் ஊரில் சபை மொத்தமும் அப்படித்தான் ஒரே நேரத்தில் குரல் விட்டு ஜெபிக்குமாம். ஒரு மாதத்தில் எனக்கு அது பிடித்துப்போயிற்று. யார் ஜெபம் அழகாக இருக்கிறது என்று யாரும் கவனிக்க முடியாது பாருங்கள்.

பாட்டு விஷயம். எங்கள் பாமாலைப் பாட்டுகள் பெரும்பாலும் ஜெர்மன், இங்கிலீஷ் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. ராகம் அதேதான், அடியில் இத்தனை அசை என்று கணக்குப் பார்த்து எழுதியது. மிசோக்களிடமும் அதே ராகங்கள் அவர்கள் மொழியில் இருக்கின்றன. நான் தமிழில், அவர்கள் மிசோவில், ஒரே சமயத்தில் பாடினால் கச்சிதமாகச் சேரும். கீர்த்தனையில் அது நடக்காது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டை ஒருநாள் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன், ராகத்தை நான் இழுத்த இழுப்பில் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வருத்தம்தான், எங்களுக்கே எங்களுக்கு என்று இருப்பது அதுதானே. மூன்று வருஷம் கழித்து ஒருத்தி அதை முழுசாகப் பாடினாள், உச்சரிப்பு மட்டும் மோசம்.

டைலர் அக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட நேரமாகிவிட்டது, தீபாவளி ஜாக்கெட்டுகள்.

வாத்தியார் சார் சொன்னபடி மாடி ஏறினேன். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கிற சாக்கு. மன்னிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். தமிழ் தெரிந்த அந்தப் பெண் கறுப்பு டீ போட்டுக் கொடுத்தாள், அதில் உப்பு போட்டிருந்தது. குடித்தேன். என் கண்ணைத் தொட்டுக் காட்டி உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். மூன்று பேர் சார் சொன்ன மாதிரியே தொண்டையில் காறிக் "கன்" என்றார்கள். பல்லைக் காட்டினேன், "பல்". நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மற்ற நாலு பேர் கடியா பேசுகிறவர்கள், அவர்கள் சொன்னது ஒன்றும் நமக்கு ஒட்டவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடுகளுக்கு அவர்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, ஜெபமாலைப் பட்டியலில் ஒன்பதாம் தேதிக்கு அவர்கள் ரூமைப் போட்டேன். வீட்டுக்காரர் நம்மவர் இல்லை, ஆனால் அவரே ஆறு நாற்காலி கொடுத்தார்.

அன்றைக்கு இருபத்திரண்டு பேர் போனோம். வாசலில் அந்தப் பெண் செம்பில் தண்ணீரோடும் ஒரு தாம்பாளத்தோடும் நிற்கிறாள். விருந்தாளி வந்தால் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் உள்ளே அழைப்பார்களாம். எங்களுக்கு அது தெரியாது. டவுன் பூசைக்குப் போகட்டும் என்று சொன்ன அம்மா முதல் ஆளாக ஏறினார், காலுக்குத்தான் தண்ணீர் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வலது காலை நீட்டிவிட்டார். அந்தப் பெண் ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் குனிந்து தாம்பாளத்தைக் கீழே வைத்து, காலையே கழுவித் தன் துண்டால் துடைத்துவிட்டாள். பின்னால் நின்ற நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது, எனக்குக் கையில் தண்ணீர் ஊற்றும்போதுதான்.

ஜெபம் தம்பி சொன்ன லூர்து முறைப்படி. முதல் பத்து மணி நாங்கள் தமிழில் தொடங்க, அவர்கள் இந்தியில் முடித்தார்கள். அடுத்த பத்து அவர்கள் தொடங்க, நாங்கள் முடித்தோம். அவர்கள் "பிரணாம் மரியா, கிருபா பூர்ண" என்று ஆரம்பித்ததும் என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் இன்னும் பழைய பிரியதத்த மந்திரம்தான் சொல்வார், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று. "பூரணம்னு சொல்லுதுடி, இதுங்களுக்குப் பழைய மந்திரம் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியலை" என்றார் சத்தமாக, ஜெபத்துக்கு நடுவிலேயே. மூன்றாம் பத்தில் யார் எண்ணுவது என்று குழப்பம் வந்து, பத்து அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் பதிமூன்று ஆகிவிட்டது. இந்திப் பயம் அண்ணன் உள்ளே வராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார், கேட்டால் உள்ளே புழுக்கமாம். ஆனால் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று அங்கிருந்து குரல் கொடுத்தது அவர்தான்.

முடிந்ததும் எங்களை வரிசையாகப் பாயில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். துஸ்கா என்று ஒரு பலகாரம், அரிசியும் கடலைப் பருப்பும் அரைத்துப் பொரித்தது, கூட உருளைக்கிழங்குக் குழம்பு. ஏழு பேரில் ஒருத்தரும் எங்களோடு உட்காரவில்லை, நாங்கள் எழுந்த பிறகுதான் சாப்பிட்டார்கள். மாமியார் இரண்டு துஸ்காவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

லத்தீன் ஐயாவுக்கு: உங்கள் யோசனையை மாமியாரிடம் சொன்னேன், அவருக்கு லத்தீன் பாட்டு இரண்டு இன்னும் தெரியுமாம், பாடிக் காட்டினார். நிறுத்தத்தான் கஷ்டமாக இருந்தது.

இப்போது இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இருபதாம் தேதிக்கு மேல் நாலு பேருக்கு நைட் ஷிப்ட். ஏழு மணி ஜெபத்தை ஐந்தரைக்கு மாற்றினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து வந்திருக்க மாட்டார்கள். உங்கள் அன்பியத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இன்னொன்று, சாத்ரியிலோ குடுக்கிலோ ஜெபமாலைப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். தேவநாகரி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்க மாடியில் ஆள் இருக்கிறது.